பாஸ்டன் நகரத்து ஆப்பிரிக்க லாட்ஜ்: ஒரு சங்கத்தின் வரலாறும் நமக்குரிய படிப்பினையும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சங்கமும் கல்வியும்' என்னும் பொருளில் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் நம் தலைவர்களின் தொண்டினை எடுத்துரைத்தார்கள். அவர்கள் கூறியதையே நானும் கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. ஆதலின் உங்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்லப்போகிறேன். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட மக்கள் ஒரு சங்கம் கண்டார்கள். அச்சங்கத்தின் வரலாற்றைக் கேட்டால், நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுகளை நாம் இன்னும் தெளிவாகக் காணலாம் என்பது என் எண்ணம்.

அச்சங்கத்தின் பெயர் ஆப்பிரிக்க லாட்ஜ். 'லாட்ஜ்' என்றவுடன் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தங்கும் விடுதி உங்கள் நினைவுக்கு வரலாம். இஃது அதுவன்று. பிரீமேசன் என்று ஒரு சகோதரச் சங்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. கல்தச்சர்களின் கருவிகளாகிய கவராயத்தையும் மூலைமட்டத்தையும் தம் அடையாளமாகக் கொண்டவர்கள் அவர்கள். அச்சங்கத்தின் ஒவ்வொரு கிளைக்கும் லாட்ஜ் என்று பெயர். மனிதர் அனைவரும் உடன்பிறந்தார் என்பது அவர்கள் ஓதும் கொள்கை. உறுப்பினர் நோயுற்றால் உதவுவதும், இறந்தால் முறைப்படி அடக்கம் செய்வதும், கைம்பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதும் அவர்களுடைய கடமைகள்.

கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் பாஸ்டன் நகரத்து வெள்ளையரின் லாட்ஜுகள் கறுப்பினத்தார்க்குக் கதவைத் திறக்கவில்லை. உடன்பிறந்தார் என்று வாயால் ஓதுவார்கள். உள்ளே வந்து உட்கார் என்று சொல்லமாட்டார்கள். இவ்வகை உடன்பிறப்பு நமக்குப் புதியதன்று!

தோல் தொழிலாளி தொடங்கிய சங்கம்

பிரின்ஸ் ஹால் என்பவர் இவ்வரலாற்றின் நாயகர். 'பிரின்ஸ்' என்பது அவருடைய பெயரே, பட்டமன்று. அவர் இளவரசர் அல்லர். பாஸ்டனில் வில்லியம் ஹால் என்ற தோல் வணிகர் வீட்டில் அடிமையாக இருந்தவர். 1770ஆம் ஆண்டில் விடுதலைச் சீட்டுப் பெற்றவர். அவர் செய்த தொழில் தோல் பதனிடுதல். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலத்தில், 1777இல், பாஸ்டன் படைப்பிரிவின் முரசுகளுக்குத் தோல் செய்து கொடுத்தவரும் அவரே. தோலைத் தொட்டவன் என்றும் முரசுக்குத் தோல் கட்டியவன் என்றும் நம் முன்னோர் எவ்வளவு இழிவு சுமந்தார்கள் என்பதை அறிந்த நமக்கு, இச்செய்தி மட்டுமே போதும் அவரை நம் உறவினராக எண்ணிக்கொள்வதற்கு.

வெள்ளைக் குடியேறிகளின் லாட்ஜுகள் மறுத்த இடத்தை, பாஸ்டனில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படையைச் சார்ந்த ஓர் அயர்லாந்து லாட்ஜ் தந்தது. அதன் எண் 441. பிரின்ஸ் ஹாலும் வேறு பதினான்கு விடுதலை பெற்ற கறுப்பினத்தாரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் சேர்ந்த நாளாக அச்சங்கத்தார் போற்றி வருவது 1775ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள். அடுத்த ஆண்டு ஆங்கிலேயப் படை பாஸ்டனை விட்டு வெளியேறிவிட்டது. பதினைந்து பேருக்கும் எஞ்சியது ஓர் அனுமதி மட்டுமே. அந்த அனுமதியின்படி அவர்கள் என்ன செய்யலாம் தெரியுமா? தனியே கூடலாம்; யோவான் திருநாளில் ஊர்வலம் போகலாம்; இறந்த உறுப்பினர்களை முறைப்படி அடக்கம் செய்யலாம். புதிய உறுப்பினரைச் சேர்க்கும் உரிமை மட்டும் இல்லை.

நண்பர்களே! இதை எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களிலும் எளியோர் கண்ட முதற்சங்கங்கள் பலவும் பிணம் எடுப்பதற்காகத் தொடங்கியவைதாம். மாதம் சிறு தொகை வாங்கி, சாவு வீட்டுக்குச் செலவுக்குக் கொடுத்தவர்கள் நம் தாத்தாக்கள். வாழும்போது மரியாதை கிடைக்காத மனிதன், சாவிலாவது மரியாதை பெறவேண்டும் என்று விரும்புகிறான். அங்கிருந்துதான் சங்கம் பிறக்கிறது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் அது சாவுச் சங்கமாகவே முடிந்துவிடும். பிரின்ஸ் ஹால் அங்கே நிற்கவில்லை.

பட்டயம் வந்த கதை

முழு உரிமையுள்ள சங்கமாக விளங்கவேண்டுமாயின் ஒரு தலைமைச் சங்கத்தின் பட்டயம் வேண்டும். உள்ளூரில் கிடைக்காதென்று தெளிந்த பிரின்ஸ் ஹால், 1784ஆம் ஆண்டு மார்ச்சில் இலண்டனுக்கு எழுதினார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாளிட்டு ஆங்கிலத் தலைமைச் சங்கம் பட்டயம் வழங்கியது. ஆப்பிரிக்க லாட்ஜுக்கு 459 என்னும் எண்ணும் கிடைத்தது. ஆனால் பட்டயம் உடனே கைக்கு வந்து சேரவில்லை. கட்டணம் போய்ச்சேர்வதிலும் கப்பலில் தாள் வந்துசேர்வதிலும் காலம் கடந்தது. 1787ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள்தான் அது பாஸ்டனை அடைந்தது. 1775இலிருந்து கணக்கிட்டால் பன்னிரண்டு ஆண்டுகள்!

பன்னிரண்டு ஆண்டுகளும் அவர்கள் கூடிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தாளுக்காக இவ்வளவு காத்திருப்பா என்று இளைஞர்கள் கேட்கலாம். பள்ளியில் பணியாற்றும் எனக்கு அத்தாளின் மதிப்புத் தெரியும். சாதிச் சான்றிதழ் கிடைக்காமையால் உதவித்தொகை இழந்த பிள்ளைகளை ஒவ்வோராண்டும் காண்கிறேன். தாள் உடையவனிடம் அதிகாரி பேசும் மொழி ஒன்று. தாள் இல்லாதவனிடம் பேசும் மொழி வேறொன்று. பிரின்ஸ் ஹால் இதனை நன்கறிந்தவர். அப்பட்டயத்தை அச்சங்கத்தார் உயிரெனக் காத்தார்கள். 1869இல் அவர்களுடைய கூடம் தீப்பற்றியபோது, அக்காலத் தலைவர் எரியும் கட்டடத்துக்குள் புகுந்து பட்டயத்தை மீட்டார். இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அஃது அவர்கள் வசம் இருக்கிறது.

அவர்கள் எழுதிய விண்ணப்பங்கள்

இனி, இச்சங்கத்தார் ஊருக்குச் செய்த தொண்டினைக் கூறுகிறேன். உறுப்பினர் நலத்தோடு மட்டும் நின்றிருந்தால் ஆப்பிரிக்க லாட்ஜை நான் இம்மேடையில் பேசவேண்டிய தேவையே இல்லை.

1777ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பிரின்ஸ் ஹாலும் தோழர்களும் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார்கள். ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை வேண்டும் என்று நாடே போராடிக்கொண்டிருந்த நேரம் அது. பிறப்பால் அனைவர்க்கும் உரியது என்று நீங்கள் முழங்கும் விடுதலை எங்களுக்கும் உரியதன்றோ என்பதே விண்ணப்பத்தின் சாரம். சட்டமன்றம் அதனைக் கிடப்பில் போட்டது. ஆனால் அக்கேள்வி கிடப்பில் கிடக்கவில்லை. 1780இல் அம்மாநிலம் வகுத்துக்கொண்ட அரசியல் சட்டம் மனிதர் யாவரும் பிறப்பால் உரிமையுடையோர் என்றது. அதனைக் கொண்டே குவாக் வாக்கர் என்னும் அடிமையின் வழக்கில் 1783இல் தலைமை நீதிபதி அடிமைமுறைக்கு எதிராகக் கூறினார். 1790இல் மக்கள்தொகை எடுத்தபோது மாசசூசெட்ஸில் ஓர் அடிமையேனும் பதிவாகவில்லை.

1787ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் அளித்த விண்ணப்பம், ஆசிரியன் என்ற முறையில் என் நெஞ்சைத் தொட்டது. நாங்களும் மற்றவர்களைப் போல வரி செலுத்துகிறோம். ஆனால் அவ்வரியில் நடக்கும் பள்ளிகளால் எங்கள் பிள்ளைகளுக்குப் பயனில்லை. அவர்கள் எழுத்தறியாமல் வளர்வதைக் கண்டு அஞ்சுகிறோம். அவர்களுக்குக் கல்வி தாருங்கள் என்று கேட்டார்கள். பிச்சையாகக் கேட்கவில்லை, வரி கொடுத்தவன் கணக்குக் கேட்பது போலக் கேட்டார்கள். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 1788 பிப்ரவரியில், ஒரு கொடுமை நேர்ந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தார் மூவரை, வேலை இருக்கிறது என்று சொல்லிக் கப்பலேற்றி, அடைத்துவைத்து, மேற்கிந்தியத் தீவுக்கு விற்கக் கொண்டுபோய்விட்டார்கள். ஆப்பிரிக்க லாட்ஜினர் உடனே சட்டமன்றத்துக்கு எழுதினார்கள். பாஸ்டன் பாதிரிமார்களும் குவேக்கர் சபையாரும் துணை நின்றார்கள். ஒரே மாதத்தில், மார்ச்சு 26ஆம் நாள், அம்மாநிலத்தில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஆளுநரும் பிரெஞ்சுத் தூதரும் தீவுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கே தீவில் நடந்ததையும் கேளுங்கள். மூவருள் ஒருவர் பிரீமேசன். அவர்களை விலைபேச வந்த வணிகரும் பிரீமேசன். சங்கத்தின் உறவால் பேச்சு நேர்ந்தது; உண்மை வெளிப்பட்டது; செய்தி அத்தீவின் ஆளுநர் வரை சென்றது. அவ்வாண்டு ஜூலையில் மூவரும் உயிரோடு பாஸ்டனுக்குத் திரும்பினார்கள். ஏட்டில் இருந்த உடன்பிறப்பு, அன்று ஒரு நாள் உண்மையாயிற்று.

மூன்று விண்ணப்பங்களைக் கூறினேன். முதலாவது கிடப்பில் கிடந்தது. இரண்டாவது ஏற்கப்படவில்லை. மூன்றாவதற்கு ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. முதலிரண்டும் தோற்றன என்று மனமொடிந்து வீட்டுக்குள் இருந்திருந்தால், மூன்றாவதை எழுத அங்கே கையிருந்திராது. எழுதத் தெரிந்தவரும், கையொப்பமிடத் துணிந்தவரும், கூடிப் பேச ஓரிடமும் ஆயத்தமாக இருந்தமையால்தான் ஆபத்து வந்த அன்றே செயற்பட முடிந்தது. சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் மறுமொழி.

1792இலும் 1797இலும் பிரின்ஸ் ஹால் சங்கத்தார் முன் ஆற்றிய உரைகள் அச்சிடப்பட்டன. பாஸ்டன் தெருக்களில் தம் மக்கள் நாள்தோறும் படும் அவமானங்களை 1797ஆம் ஆண்டு உரையில் வெளிப்படையாகக் கூறினார். பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் தம் விலங்கை உடைத்தெழுந்த செய்தியைக் கூறி ஊக்கமூட்டினார். பள்ளிக்கூடத்தை நம்மிடமிருந்து பறிக்கலாம், சிந்திக்கும் ஆற்றலைப் பறிக்க முடியாது என்ற கருத்தையும் எடுத்துரைத்தார்.

ஒரு வீட்டில் தொடங்கிய பள்ளி

அரசு பள்ளி தரவில்லை. என்ன செய்தார்கள்? 1798இல் பிரைமஸ் ஹால் என்பவரின் வீட்டில் பள்ளியைத் தாமே தொடங்கினார்கள். 1806இல் அம்மக்கள் தமக்கெனக் கட்டிய ஆப்பிரிக்க வழிபாட்டு மன்றத்துக்கு 1808இல் அப்பள்ளி மாறியது. அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய பிரின்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ஆப்பிரிக்க லாட்ஜின் செயலாளராகவும் விளங்கினார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம்; கூட்ட நாளில் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பு. இரண்டையும் எழுதியது ஒரே கை. ஏபியல் ஸ்மித் என்ற வெள்ளை வணிகர் விட்டுச்சென்ற கொடையைக் கொண்டு 1835இல் தனிக்கட்டடமும் எழுந்தது. பிரின்ஸ் ஹால் இவற்றுள் பெரும்பகுதியைக் காணவில்லை. 1807ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாளே மறைந்துவிட்டார்.

கதை இங்கே இன்பமாக முடியவில்லை. தனிப்பள்ளி இருக்கிறதே என்று காட்டி, மற்றப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தார்கள். தனிப்பள்ளியோ வசதி குன்றிப் போயிற்று. அப்போது பெற்றோர்கள் ஒரு கடினமான முடிவுக்கு வந்தார்கள். தம் முன்னோர் அரும்பாடுபட்டுக் கண்ட பள்ளியையே புறக்கணிப்பது என்பது அம்முடிவு! வில்லியம் கூப்பர் நெல் என்பவர் அக்கிளர்ச்சியை நடத்தினார். ஆப்பிரிக்க லாட்ஜின் தலைவராக இருந்த ஜான் ஹில்டனும் அதில் முன்னின்றார்.

சாரா ராபர்ட்ஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுமி, வெள்ளைப் பிள்ளைகளின் ஐந்து பள்ளிகளைக் கடந்து நடந்துதான் தனக்கு ஒதுக்கப்பட்ட பள்ளியை அடையவேண்டும். அச்சு வேலை செய்துவந்த அவள் தந்தை வழக்குத் தொடுத்தார். ராபர்ட் மாரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரும் சார்லஸ் சம்னர் என்ற வெள்ளை வழக்கறிஞரும் வாதாடினார்கள். 1850இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. அவர்கள் மீண்டும் சட்டமன்றத்துக்குச் சென்றார்கள். 1855இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் நிறப்பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. 1787இல் முதல் விண்ணப்பம், 1855இல் சட்டம். இடையே அறுபத்தெட்டு ஆண்டுகள்.

இவ்விடத்தில் என் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் பயின்ற தொடக்கப்பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சுவரோரம் தனியிடம். தண்ணீர்ப் பானையை நாங்கள் தொடக்கூடாது. ஒருவர் ஊற்ற, கையேந்திக் குடிக்கவேண்டும். என் தந்தையார் எழுதப்படிக்கத் தெரியாதவர். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் சொல்லி ஒரு மனு எழுதுவித்து, கைநாட்டு வைத்து அதிகாரியிடம் கொடுத்தார். மறுமொழி வரவில்லை. "மனு போட்டு என்ன ஆயிற்று?" என்று ஊரார் கேலி செய்தார்கள். "போட்டேன் என்று என் மகனுக்குத் தெரியுமே" என்றார் அவர். அன்று எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. பாஸ்டன் மக்களின் அறுபத்தெட்டு ஆண்டுக் கதையைப் படித்தபோதுதான் விளங்கிற்று. மறுமொழி வராத மனுவும் வீண்போவதில்லை. அதனைக் கண்டு வளர்ந்த பிள்ளை அடுத்த மனுவை எழுதுகிறான்.

சங்கம் வளர்ந்த விதம்

இங்கிலாந்தோடு தொடர்பு நலிந்து, 1813இல் அங்குள்ள பட்டியலிலிருந்து ஆப்பிரிக்க லாட்ஜின் பெயர் நீக்கப்பட்டது. 1827இல், இனி நாங்கள் எவர்க்கும் கீழ்ப்பட்டவர் அல்லோம் என்று ஜான் ஹில்டன் முதலியோர் அறிவித்துவிட்டனர். பிற நகரங்களிலும் கிளைகள் பரவின. பிரின்ஸ் ஹாலின் பெயரே அச்சங்கங்கள் அனைத்துக்கும் பெயராயிற்று. அடிமைமுறையை வன்மையாகக் கண்டித்து 1829இல் நூல் வெளியிட்ட டேவிட் வாக்கர் இச்சங்கத்தைச் சேர்ந்தவர். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, 1844இல் தப்பி வந்து, பின்னர் இச்சங்கத்தின் மாநிலத் தலைவரான லூயிஸ் ஹைடன், ஓடிவந்த அடிமைகளுக்குப் பாஸ்டனில் தம் வீட்டையே அடைக்கலமாக்கினார். 1873இல் அவர் மாசசூசெட்ஸ் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நூறாண்டுகளுக்கு முன் எந்த மன்றத்துக்கு இவர்களுடைய விண்ணப்பம் சென்றதோ, அந்த மன்றத்தின் உள்ளேயே அச்சங்கத்தின் தலைவர் அமர்ந்தார்!

இருபதாம் நூற்றாண்டில் இச்சங்கத்தாரின் கட்டடங்கள் செய்த தொண்டு தனியே குறிப்பிடத்தக்கது. அட்லாண்டா நகரில் மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாட்டின் அலுவலகம் பிரின்ஸ் ஹால் மேசன்களின் கட்டடத்தில் இயங்கியது. மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில், மெட்கர் எவர்ஸ் என்னும் உரிமைப் போராளி பணியாற்றிய அலுவலகமும் இச்சங்கத்தாரின் கட்டடத்தில்தான் இருந்தது. 1963 ஜூனில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது இறுதி அஞ்சலி நிகழ்ந்ததும் அங்கேதான். வேறெவரும் வாடகைக்கு இடம் தரத் தயங்கிய காலத்தில், சொந்தக் கூரை ஒன்று இருந்தமையால் ஓர் இயக்கம் நின்று பேச இடம் கிடைத்தது. பள்ளிகளில் நிறப்பாகுபாடு சட்டத்துக்கு முரணானது என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றுத் தந்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் இச்சங்கத்தின் உறுப்பினரே. அவர் நடத்திய வழக்குகளுக்குச் சங்கத்தார் நிதி திரட்டி அளித்தார்கள். 1787இல் பாஸ்டனில் எழுந்த கேள்விக்கு நாடு முழுமைக்குமான விடை அன்றுதான் வந்தது.

வெள்ளையரின் சங்கங்களோ இவர்களைப் பிரீமேசன்களாகவே ஏற்க மறுத்துவந்தன. கனெக்டிகட் மாநிலச் சங்கம் 1989இல் ஏற்றது. ஆங்கிலத் தலைமைச் சங்கம், மாசசூசெட்ஸ் பிரின்ஸ் ஹால் சங்கத்தை 1994இல்தான் முறையாக ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்புக்காகக் காத்திராமல் அவர்கள் இருநூறு ஆண்டுகள் பணிசெய்து முடித்திருந்தார்கள் என்பதே பெருமை.

குறைகளையும் கூறவேண்டும்

வெள்ளிவிழா மேடையில் நிறையை மட்டும் பேசுவது வழக்கம். ஆனால் வரலாறு சொல்பவன் குறையை மறைக்கலாகாது. ஆப்பிரிக்க லாட்ஜில் பெண்களுக்கு இடமில்லை. பின்னாளில் அவர்களுக்கெனத் துணையமைப்பு ஏற்பட்டது. சந்தா செலுத்த வல்லவர்களும், ஒழுக்கமுள்ளவர் என்று பெயரெடுத்தவர்களுமே சேரமுடிந்தது. ஆகவே நாளடைவில் சில ஊர்களில் அது வசதியுற்றோரின் கூட்டமாகச் சுருங்கிற்று என்ற குறையைக் கறுப்பின அறிஞர்களே கூறியுள்ளனர். பட்டமும் பதக்கமும் அணிந்து ஊர்வலம் போவதில் மகிழ்ந்து, தெருக்கோடியில் இருப்பவனை மறந்தவர்களும் உண்டு. கதவு மூடப்பட்ட வேதனையில் பிறந்த சங்கம், தான் ஒரு கதவை வைத்துக்கொண்டு பிறர்க்கு மூடினால், அதனினும் துயரம் வேறில்லை.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு புதியதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பினத் தலைவர் டூபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். எதற்காக? ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படியொன்றைக் கேட்டு! விண்ணப்பத்தின் அருமை அறிந்தவர் அவர். அந்தப் பழைய உறவின் பெயரால்தான் பாஸ்டன் கதையை உங்கள் முன் வைத்தேன்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக மூன்று செய்திகள் சொல்லி அமர்கிறேன்.

முதலாவது, எழுதி வையுங்கள். பிரின்ஸ் ஹாலின் காலத்தில் எத்தனையோ கறுப்பினத்தார் துணிவோடு வாழ்ந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. இவருடைய கடிதங்களும் விண்ணப்பங்களும் பட்டயமும் காக்கப்பட்டன. ஆகவே இவரை அறிகிறோம். நம் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகங்களைக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். முதற்கூட்டத்தில் கைநாட்டு வைத்த பெரியவர் யாவர், இரவுப் பள்ளிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தவர் யார் என்பதை, அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, கிடைத்ததைக் கொண்டு நிறைவடைந்துவிடாதீர்கள். பள்ளியில்லாத காலத்தில் பாஸ்டன் மக்கள் தனிப்பள்ளி கண்டார்கள். அப்பள்ளியே தம்மைப் பிரித்துவைக்கும் வேலியாக மாறியபோது அதனை விட்டு வெளியேறவும் துணிந்தார்கள். சங்கமும் விடுதியும் உதவித்தொகையும் ஏணிகளே. ஏறுவதற்காக ஏணியே தவிர, ஏணியில் குடியிருப்பதற்காக அன்று.

மூன்றாவதே தலையாயது. இச்சங்கத்தின் உதவியால் படித்தவர்களில் பலர் இன்று அரசுப் பணியிலும் வங்கியிலும் இருக்கிறார்கள். நகரத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ஆண்டுக்கூட்டத்துக்கு அவர்களுள் எத்தனைபேர் வருகிறார்கள்? சிலர் தம் தெருவின் பெயரைச் சொல்லவும் கூசுகிறார்கள். அவர்களை நான் கடிந்துகொள்ளமாட்டேன். அக்கூச்சத்தை அவர்களுக்கு ஊட்டியது இச்சமூகம். ஆயினும் ஒன்றை நினைவூட்டுகிறேன். 1775இல் அப்பதினைந்து பேரும் அடிமைகள் அல்லர், விடுதலை பெற்றவர்கள். தம் விடுதலை போதுமென்று தோல் வணிகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். அவ்வாறிராமல், இன்னும் விலங்கு பூண்டிருந்தவர்களுக்காகக் கையொப்பமிட்டார்கள். அதனால்தான் இருநூற்றைம்பது ஆண்டு கழித்து, கடல் கடந்த ஓர் ஊரில், வேற்றுமொழி பேசும் நாம் அவர்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, படித்து வெளியேறிய ஒவ்வொருவரும் ஆண்டில் ஒருமுறையேனும் திரும்பி வாருங்கள். பணம் கொண்டுவர இயலாவிட்டாலும் தாழ்வில்லை. ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். ஒரு தாயை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கொடுங்கள். மாலையில் ஒருமணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். பெண்பிள்ளைகளைச் செயற்குழுவில் அமர்த்துங்கள். நம் வாசற்படி எவர்க்கும் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொன்விழாக் கொண்டாடும் நாளில் என் போன்றோர் இருக்கமாட்டோம். அன்று இம்மேடையில் நிற்பவர், இன்று கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவராக இருக்கவேண்டும். அதுவே என் விருப்பம்.